பெருவழியும் இட்டேரியும்

கொங்கு நாட்டில் ‘இட்டேரி’ என்றொரு சொல் வழங்குகிறது. இரு புறமும் கிளுவை வேலி அடைத்த தோட்டங்களுக்கு நடுவே செல்லும் குறுகிய மண்பாதைக்கு அப்பெயர். அதில் ஒரு மாட்டு வண்டி செல்லலாம். எதிரே மற்றொரு வண்டி வந்துவிட்டால் இரண்டில் ஒன்று பின்வாங்கித்தான் ஆகவேண்டும். இந்நாட்டில் மற்றொரு வகை வழியும் உண்டு. அதனைப் பழைய கல்வெட்டுக்கள் ‘பெருவழி’ என்று கூறும். இவ்விரு வழிகளுக்கும் இடையே உள்ள உறவு எவ்வாறு இருந்து வந்துள்ளது என்பதைப் பற்றியே இன்று மாணவர்களாகிய உங்களுடன் பேச விரும்புகிறேன். சிற்றூர்களுக்குப் பேருந்து வேண்டும் என்பதே என் பேச்சின் கருத்து. ஆயினும், வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால், இதுவரை அது எப்படி வந்தது, ஏன் சில ஊர்களுக்கு மட்டும் வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நலம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டை ஒட்டி ஓர் அகன்ற கணவாய் இருக்கிறது. மலை தாண்டாமல் கீழைக் கடற்கரையிலிருந்து மேலைக் கடற்கரைக்குச் செல்ல இயற்கை அமைத்துத் தந்த வாயில் அது. கொங்கு நாட்டின் செல்வமும் சிறப்பும் பெரிதும் அந்த வாயிலினால் வந்தவை. நொய்யலாற்றங் கரையிலுள்ள கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகள் அங்கே இரும்புத் தொழிலும் மணிக்கல் தொழிலும் நடந்ததைக் காட்டின. கோவை வட்டாரத்தில் பல இடங்களில் உரோமானியக் காசுகள் கிடைத்துள்ளன. கோயம்புத்தூருக்கு மேற்கே சுண்டக்காமுத்தூரை அடுத்த மலைச்சரிவில், ‘இராசகேசரிப் பெருவழி’ என்னும் பெயரைத் தாங்கிய கல்வெட்டொன்று இன்றும் நிற்கிறது. அதனை முதலாம் ஆதித்த சோழன் காலத்ததாக, அதாவது ஒன்பதாம் நூற்றாண்டினதாக, அறிஞர் கருதுவர். தமிழிலும் வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்ட அக்கல், அரசன் ஒருவன் ஒரு வழிக்குத் தன் பெயரையும் காவலையும் கொடுத்ததற்குச் சான்று. கோவையிலுள்ள மாணவர்கள் ஒருமுறை சென்று அதனைக் காணவேண்டும்.

ஆனால் அப்பெருவழியில் சென்றவர் யாவர்? வணிகரும் படைவீரரும் யாத்திரிகரும் சென்றனர். வழியோரத்துச் சிற்றூர்க் குடியானவன் சந்தைக்குச் சென்றான். அதுவும் வாரத்தில் ஒரு நாள். மற்ற நாட்களில் அவனுடைய உலகம் இட்டேரிக்குள் அடங்கியது. 1800-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் கும்பினி ஆட்சியாளரின் கட்டளைப்படி இந்நாட்டைச் சுற்றிப் பார்த்து, பயிர், தறி, இரும்பு உருக்குதல் முதலியவற்றை ஊர் ஊராகக் குறித்துச் சென்றார். அவர் எழுதிய நூல் 1807-இல் வெளிவந்தது. நாட்டை அறிய வந்தவரும் அன்று நாள்தோறும் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கே செல்ல முடிந்தது என்பதை அந்நாட்குறிப்பு நமக்கு உணர்த்துகிறது.

பின்னர் இருப்புப்பாதை வந்தது. அதன் வரலாற்றில் நம் பேச்சுக்குப் பொருந்தும் செய்தி ஒன்று உண்டு. சென்னையிலிருந்து மேலைக் கடற்கரைக்குப் போடப்பட்ட பாதை 1862-இல் போத்தனூரை அடைந்தது. கவனியுங்கள், கோயம்புத்தூரை அன்று, போத்தனூரை! மாவட்டத் தலைநகரும் 1866-இல் நகராட்சியாக உயர்ந்ததுமான கோயம்புத்தூர், முதன்மைப் பாதைக்கு ஒதுங்கி நின்றது. போத்தனூரிலிருந்து கோயம்புத்தூர் வழியாக மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை 1873-இல்தான் அமைந்தது. இடைப்பட்ட பதினோர் ஆண்டுகள், இன்று பெருநகராக விளங்கும் கோவையின் மக்கள் மாட்டு வண்டியேறிப் போத்தனூர் சென்றே ரயில் பிடித்தனர். பெருவழியை விட்டு ஒதுங்கியிருப்பதன் துன்பத்தைக் கோவை மாநகரமே ஒரு காலத்தில் அறிந்திருந்தது. இப்போது அது மறந்துவிட்டது என்று சொன்னால் நகரத்தார் கோபித்துக்கொள்ளமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

கோவைக்குக் கிளைப்பாதை வந்ததற்குக் காரணம் நீலகிரி. உதகைக்குச் செல்லும் வெள்ளையரும் மலைத் தோட்டங்களின் விளைபொருளும் மேட்டுப்பாளையத்தை அடையவேண்டியிருந்தது. இவ்வாறே போத்தனூர்–பொள்ளாச்சிப் பாதை 1915-இலும், பொள்ளாச்சியிலிருந்து பழனி வழியாகத் திண்டுக்கல் செல்லும் பாதை 1928-இலும் வந்தன. ஊர்தி என்பது சரக்கையும் கூட்டத்தையும் தேடியே சென்றது. இருப்புப்பாதையைக் குறை சொல்லிப் பயனில்லை. அதன் இயல்பு அத்தகையது.

இந்நிலையில்தான் மோட்டார் வண்டி வந்தது. சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்களை நீங்கள் விஞ்ஞானியாக அறிவீர்கள். அவர் முதலில் பேருந்துக்காரர். பள்ளிப் படிப்பில் மனம் செல்லாத அந்த இளைஞர், தம் ஊருக்கு வந்த வெள்ளைக்கார அலுவலர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, கோவையில் உணவு விடுதியொன்றில் வேலை பார்த்துப் பொருள் சேர்த்து, அவ்வண்டியையே வாங்கிப் பிரித்துப் பார்த்துக் கற்றார் என்பர். 1920-இல் ஒரே ஒரு பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழிலைத் தொடங்கினார். வண்டியையும் அவரே ஓட்டினார். அன்று பொள்ளாச்சி வரையில்தான் ரயில் இருந்தது, பழனிக்கு இல்லை. ரயில் நின்ற இடத்திலிருந்து அவருடைய பேருந்து புறப்பட்டது. பிற்காலத்தில் யூ. எம். எஸ். என்று பெயர் பெற்ற நிறுவனம் அவ்வாறு தோன்றியது.

பொள்ளாச்சியில் 1931-இல் நாச்சிமுத்துக் கவுண்டர் ஆனைமலை பஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் அவருடைய மகன் நா. மகாலிங்கம் அதனைப் பெருக்கினார். மதுரைப் பக்கத்தில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் அதற்கு முன்னரே பேருந்து நடத்தி வந்தார். இப்பெரியவர்களின் முயற்சியை நாம் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. குறித்த நேரத்துக்குப் பேருந்து புறப்படும் என்ற நம்பிக்கையை நம் மக்களுக்கு முதலில் ஊட்டியவர்கள் அவர்களே. கடிகாரம் இல்லாத வீடுகளில் பேருந்தின் ஒலியே கடிகாரமாயிற்று. அஞ்சற் பையும் அப்பேருந்திலேயே வந்தது.

எனினும், எல்லா ஊருக்கும் பேருந்து வந்துவிடவில்லை. சிறு முதலாளிகள் பலர் ஒரே சாலையில் போட்டியிட்டு ஓடினர். ரயிலுக்கு இணையான சாலைகளில் பேருந்துகள் ஓடி ரயிலின் வருவாயைக் குறைக்கின்றன என்ற கவலை அரசுக்கு எழுந்தது. 1933-இல் மிச்சல், கிர்க்னஸ் என்னும் இரு அதிகாரிகள் அதனை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தனர். 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதன்பின் வந்தது. மாணவர்கள் இச்சட்டத்தின் 47-ஆம் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒரு வழித்தடத்தில் பேருந்து ஓட்ட அனுமதி வழங்குமுன் அதிகாரிகள் எவற்றைக் கருதவேண்டும் என்று அப்பிரிவு கூறியது. பொதுமக்களின் நலன், ஏற்கெனவே உள்ள வசதி போதுமா என்பது, சாலையின் நிலை ஆகியவற்றோடு, குறிப்பிட்ட ஒரு வட்டாரத்துக்கு அப்பேருந்தினால் விளையும் நன்மையையும் கருதவேண்டும் என்றது. முதலாளிக்கு எவ்வளவு வசூலாகும் என்பதை அப்பிரிவு கேட்கவில்லை. ஒரு சிற்றூரின் நன்மை சட்டத்தின் சொல்லாக அமைந்தது சிறிய செய்தி அன்று.

சட்டம் பிறந்த ஆண்டிலேயே உலகப் போரும் பிறந்தது. பெட்ரோல் அருகிற்று. பேருந்தின் பின்புறத்தில் அடுப்பை மாட்டி, கரியை எரித்து வரும் வாயுவினால் வண்டியை ஓட்டினார்கள். ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளுவது அக்காலத்து வழக்கம் என்று முதியோர் சொல்லி நகைப்பார்கள். அதனை விட்டுவிடுவோம்.

விடுதலைக்குப் பின்னர் ஊர்தியைவிட முக்கியமான ஒன்று சிற்றூருக்குள் வந்தது. அது பள்ளிக்கூடம். காமராசர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காலத்தில், ஒரு மைலுக்குள் தொடக்கப்பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப்பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப்பள்ளி என்பது குறிக்கோளாயிற்று. பள்ளிகள் பெருகின, பிள்ளைகள் வந்தனர். இந்த மூன்று எண்களையும் சற்று உற்று நோக்குங்கள். வகுப்பு உயர உயரத் தூரமும் உயர்கிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு மைல். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு ஐந்து மைல், அதாவது எட்டுக் கிலோமீட்டர். கால் வளர்கிறது, ஆகையால் நடக்கட்டும் என்று அந்நாளில் கருதியிருக்கலாம். ஆனால் நம் ஊர்களில் பெண் வளர வளரப் பெற்றோர் அவளுக்கு இட்ட எல்லை சுருங்கிற்று. தொடக்கப்பள்ளியில் ஆணுக்குச் சரிநிகராக வந்து அமர்ந்த பெண்கள் உயர்நிலைப்பள்ளியில் பாதியாகக் குறைந்ததற்குத் தூரமும் ஒரு காரணம். நான் பணியாற்றிய பள்ளிகளில் வருகைப் பதிவேட்டைப் புரட்டும்போதெல்லாம், எந்தப் பெயர் எந்த மாதத்தில் நின்றது என்பதைப் பார்த்தே அந்த ஊருக்குப் பேருந்து உண்டா இல்லையா என்று சொல்லிவிட முடிந்தது.

1972-ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் போக்குவரத்து வரலாற்றில் ஒரு திருப்பம். பெரிய தனியார் நிறுவனங்களின் பேருந்துகளை அரசு ஏற்றுக்கொண்டது. கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு சேரன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது; ஆனைமலை பஸ் நிறுவனத்தின் வண்டிகள் அதனுள் அடங்கின. பின்னர் ஈரோட்டில் ஜீவா போக்குவரத்துக் கழகம் பிரிந்தது. 1997-இல் இப்பெயர்கள் எல்லாம் நீங்கித் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப்பெயர் வந்தது. இந்த மாறுதலைப் பற்றி நம் பகுதியில் இரு கருத்துண்டு. தனியார் பேருந்தே நேரத்துக்கு வரும், துப்புரவாக இருக்கும் என்பார் சிலர். அதில் உண்மை இல்லாமலில்லை. கொங்கு நாட்டில் இன்றும் தனியார் பேருந்துகள் பல ஓடுகின்றன, மக்கள் விரும்பி ஏறுகின்றனர். ஆனால் அவை எந்தச் சாலையில் ஓடுகின்றன என்று கேட்கவேண்டும். மலையடிவாரத்து ஊருக்கும், சாலை முடிந்துபோகும் ஊருக்கும் நாளுக்கு இருமுறையேனும் சென்று திரும்பியது பெரும்பாலும் கழகத்தின் பேருந்துதான். திம்பம் மலையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித் தாளவாடிக்குச் செல்லும் பேருந்தும், ஆழியாற்றிலிருந்து நாற்பது வளைவுகள் ஏறி வால்பாறைக்குச் செல்லும் பேருந்தும் வசூலை மட்டும் பார்த்து இயங்குவன அல்ல. வருவாய் மிகுந்த தடத்தின் பணத்தை வருவாய் குறைந்த தடத்துக்குச் செலவிடுவது கழகத்தின் கணக்கில் இயலும். ஒரே ஒரு பேருந்தை வைத்திருக்கும் முதலாளியின் கணக்கில் இயலாது.

கழகத்தின் பேருந்தும் செல்லாத ஊர்கள் எஞ்சின. அவற்றுக்காக 1997-இல் சிற்றுந்துத் திட்டம் வந்தது. இருபது கிலோமீட்டர் தடத்தில் பதினாறு கிலோமீட்டர் வேறு பேருந்து இல்லாத வழியாக இருக்கவேண்டும் என்பது விதி. நல்ல எண்ணத்தோடு வகுத்த விதி இது. இருந்தும், தொடங்கிய சிற்றுந்துகளுள் பல காலப்போக்கில் நின்றன. டீசல் விலை ஏறிற்று. கட்டணம் அவ்வாறு ஏறவில்லை. மற்றொன்று, பேருந்து உள்ள சாலையில் நான்கு கிலோமீட்டருக்கு மேல் செல்லக்கூடாது என்றால், நகரின் மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ செல்பவர் நடுவழியில் இறங்கி வேறு வண்டி ஏறவேண்டும். குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தாய்க்கு அந்த ‘வேறு வண்டி’ எவ்வளவு தொல்லை என்பது விதி எழுதுபவர்க்குத் தெரிவதில்லை. 2025-இல் தொடங்கிய புதிய சிற்றுந்துத் திட்டத்தில் தடத்தின் நீளம் இருபத்தைந்து கிலோமீட்டராக உயர்த்தப்பட்டிருப்பது வரவேற்கத் தக்கது.

மகளிர்க்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் கட்டணமில்லாப் பயணம் வந்துள்ளது. மாணவர்க்கு விலையில்லாப் பயண அட்டை உண்டு. இவை பெரிய உதவிகள். ஆனால், பேருந்தே வராத ஊரில் இருக்கும் பெண்ணுக்குக் கட்டணமில்லாப் பயணம் எதற்கு உதவும்? பயண அட்டை பையில் இருக்கிறது. பிள்ளை நடந்து போகிறது. மேல்நிலை முதலாண்டில் கிடைக்கும் மிதிவண்டி ஐந்து கிலோமீட்டருக்கு நன்று. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு, அதுவும் மாலை இருட்டில் லாரிகள் ஓடும் சாலையில், நன்றன்று. உரிமம் பெறும் வயது வராத பையன் அண்ணனின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பின்னால் இருவரை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கு வருவதை நாம் கண்டிக்கிறோம். கண்டிக்கத்தான் வேண்டும். அவன் எந்தப் பேருந்தில் வந்திருக்கலாம் என்பதையும் கூடவே கேட்கவேண்டும்.

இவ்விடத்தில் உங்கள் கண்ணெதிரே இருக்கும் ஒரு காட்சியைச் சுட்டிக் காட்டுகிறேன். காலை ஏழரை மணிக்குக் கொங்கு நாட்டின் எந்தச் சிற்றூரிலும் நின்று பாருங்கள். தனியார் பள்ளியின் மஞ்சள் நிறப் பேருந்து வரும். கல்லூரிப் பேருந்து வரும். பஞ்சாலையின் வண்டி வேலையாட்களை ஏற்றிச் செல்ல வரும். பொதுப் பேருந்து வராத ஊரிலும் இவை வரும். ஆகவே, சாலை சரியில்லை, வண்டி திரும்ப இடமில்லை, ஆள் இல்லை என்ற மூன்று காரணங்களும் அங்கேயே அடிபட்டுப் போகின்றன. சாலை இருக்கிறது, வண்டி திரும்புகிறது, ஆளும் ஏறுகிறார். கட்டணம் கட்டியவரும் ஆலையில் வேலை செய்பவரும் ஏறலாம், அரசுப் பள்ளி மாணவர் அதே இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது மட்டுமே வேறுபாடு.

மஞ்சள் நிறம் என்றவுடன் மற்றொரு நாட்டின் மஞ்சள் வண்டி நினைவுக்கு வருகிறது. மலை நாடாகிய சுவிட்சர்லாந்தில் 1906-ஆம் ஆண்டு முதல் அஞ்சல் துறையே மோட்டார் பேருந்து நடத்தி வருகிறது. அதற்கு முன் குதிரை வண்டி. கடிதம் எந்த மலையூருக்குச் செல்லவேண்டுமோ, அந்த ஊருக்கு மனிதனும் செல்லலாம் என்பது அங்கே நெறியாயிற்று. நம் நாட்டில் ஓர் ஊரில் பத்து வீடே இருந்தாலும் கடிதம் போய்ச் சேர்கிறது. அந்தப் பத்து வீட்டுக்குத் தபால் கொடுப்பதனால் துறைக்கு இலாபமா என்று யாரும் கேட்பதில்லை. இங்கிலாந்தில் இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றைக் காண்கிறோம். 1963-இல் பீச்சிங் என்பார் அளித்த அறிக்கை, வருவாய் தராத கிளை ரயில் பாதைகளையும் 2,000-க்கு மேற்பட்ட நிலையங்களையும் மூடும்படி கூறியது. மூடினார்கள். ரயிலுக்கு மாற்றாகப் பேருந்து விடுவோம் என்றார்கள். அப்பேருந்துகளுள் பலவும் பின்னர் வருவாயில்லை என்று நின்றன. கிளையை வெட்டிவிட்டால் மரத்தின் நடுப்பகுதி தழைக்கும் என்று எண்ணியது சரியாகவில்லை. கிளையிலிருந்து வந்து சேர்ந்த பயணிகள் முதன்மைப் பாதைக்கும் வராமற் போயினர்.

பேருந்துக் கணக்குப் பார்ப்பவர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். சிற்றூரிலிருந்து பத்து ரூபாய்ச் சீட்டு வாங்கி உடுமலைக்கு வரும் உழவர், அங்கிருந்து கோவைக்கு மற்றொரு சீட்டு வாங்குகிறார். இரண்டாம் சீட்டின் வருவாய் கோவைத் தடத்தின் கணக்கில் ஏறுகிறது; முதல் தடம் நட்டம் என்று எழுதப்படுகிறது. இன்னொரு பிழையும் உண்டு. பள்ளி ஒன்பதரைக்குத் தொடங்கும். பேருந்து பதினொன்றுக்கு வரும். பதினொன்றரை மணிக்கு அதில் நால்வரே இருந்தனர் என்று கணக்கெடுத்து, அத்தடத்தில் பயணிகள் இல்லை என்று முடிவு செய்வது தருக்கத்துக்குப் பொருந்துமா? மூடிய கதவின் முன் நின்று, கடைக்கு யாரும் வரவில்லை என்று சொல்வதைப் போன்றது அது.

நட்டம் உண்மையாகவே வரும் தடங்களும் உண்டு. அதனை நான் மறுக்கவில்லை. கழகங்கள் கடனில் நடக்கின்றன, வண்டிகள் பழையன என்பதும் தெரிந்ததே. அதற்கு விடை, சிற்றூர்ப் பேருந்தைக் கழகத்தின் வியாபாரமாக வைக்காமல் அரசின் கடமையாக வைத்து, அதன் செலவை வெளிப்படையாக அரசே ஏற்பது. மகளிர் பயணத்துக்குரிய தொகையை அரசு கழகங்களுக்கு ஈடு செய்கிறது; தடத்துக்கும் அவ்வாறு செய்யலாம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தையொட்டி 2010-இல் மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகள், அருகில் பள்ளி இல்லாத சிறு குடியிருப்புக் குழந்தைகளுக்கு இலவச ஊர்தி போன்ற வசதிகளைச் செய்யவேண்டும் என்று கூறுகின்றன. ஆகவே கடமை என்னும் கருத்து புதியதன்று. அச்சட்டம் பதினான்கு வயதோடு நின்றுவிடுகிறது என்பதே குறை. ஒன்பதாம் வகுப்பில், தூரம் கூடும் அதே ஆண்டில், சட்டத்தின் கை விலகிவிடுகிறது. மேல்நிலைக் கல்வி முடியும் வரையில் அந்தக் கை நீளவேண்டும்.

மாணவர்களாகிய நீங்கள் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குப் பணம் தேவையில்லை, ஒரு தாளும் கடிகாரமும் போதும். உங்கள் ஊருக்கு வரும் பேருந்துகள் குறித்த நேரம் எது, வந்த நேரம் எது என்று ஒரு மாதம் நாள்தோறும் எழுதுங்கள். வராத நாளையும் எழுதுங்கள். அதன் பக்கத்தில் பள்ளி மணி அடிக்கும் நேரம், அரசு மருத்துவமனையில் சீட்டுக் கொடுக்கும் நேரம், சந்தை கூடும் நாள் ஆகியவற்றைக் குறியுங்கள். காலையில் நின்று காத்திருந்தவர் எத்தனை பேர், அவர்களுள் பெண்கள் எத்தனை பேர், மஞ்சள் வண்டியில் சென்றவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். தோட்டத்துச் சாளைகளில் குடியிருப்போர் நிறுத்தத்துக்கு எவ்வளவு தொலைவு நடந்து வருகின்றனர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொங்கு நாட்டில் வீடுகள் ஊருக்குள் நெருங்கியிராமல் காடுகரை எங்கும் பரவியிருப்பதனால் அது மிகவும் வேண்டிய செய்தி. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் உங்கள் ஊராட்சியில் கிராம சபை கூடும். அந்தத் தாளைப் படிக்கச் சொல்லித் தீர்மானமாக எழுதச் செய்யுங்கள். அதன் படி ஒன்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும், மற்றொன்று கழகத்தின் கிளை மேலாளருக்கும் போகட்டும். மூன்றாவது படியைப் பள்ளியில் வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு வரும் மாணவர்களிடம் ஒப்படையுங்கள்.